குணமும் திணைமயக்கமும்

மட்டக்களப்பு வாவியின் நீர் எவ்விடத்தில் உவர், எவ்விடத்தில் நன்னீர் என்று கோடு கிழித்துக் காட்ட இயலுமோ? முகத்துவாரத்தருகே உவர்ப்பு மிகும்; உள்ளே செல்லச் செல்லக் குறையும். மாரிவெள்ளம் வந்தால் அந்த அளவும் மாறிவிடும். மனிதர் குணத்தை ஆராயும் உளமருத்துவரும் இத்தகையதொரு வினாவுக்கே நெடுங்காலமாக விடை தேடி வருகின்றனர்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேடு, ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனி வகைகளாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் குறிகளை வகுத்தது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் வகைகள் பத்து. அவற்றுள் எல்லைநிலைக் கோளாற்றுக்கு ஒன்பது குறிகள். ஐந்து இருந்தால் நோய் உண்டு, நான்கே இருந்தால் இல்லை. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே அப்படி என்ன மதில் எழுந்து நிற்கிறது? அப்பெயரைப் பெற்ற இருவருக்குள் ஒரே ஒரு குறி மட்டும் பொதுவாய் அமைதலும் கூடும். ஒருவரிடமே இரண்டு மூன்று வகைகள் சேர்ந்து காணப்படுதலோ மிகச் சாதாரணம்.

தொல்காப்பியம் கற்றார்க்கு இது வியப்பன்று. திணைகளை வகுத்த ஆசிரியரே திணை மயங்குதலை விலக்கவில்லை. நிலம் மயங்குதலை மட்டும் அவர் ஒப்பவில்லை. (படுவான்கரை வயலும் வாவியும் தழுவிக் கிடக்கும் எங்கள் நாட்டைக் கண்டிருப்பின் யாது சொல்லியிருப்பாரோ!) வினைக்குரியாரைத் தெரிந்தெடுக்கும் முறை கூறிய வள்ளுவரும், குணமும் குற்றமும் ஒருவரிடத்தே கலந்திருத்தலை ஒப்புக்கொண்டு, எது மிகுதி என்று நிறுத்துப் பார்க்கவே சொன்னார்.

2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு, இந்த நிறுக்கும் வழியையே மேற்கொண்டது. பழைய வகைப்பெயர்கள் போயின. கோளாறு இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்பதே முதல் வினா. தன்னைத் தான் உணர்வதும் பிறரோடு பழகுவதும் எவ்வளவு பழுதுபட்டன என்பதே அளவுகோல். அதன்பின் குணச்சாயல்கள் ஐந்து: அச்சமும் துயரும் சினமும் எளிதில் மிகுதல், ஒதுங்கியிருத்தல், பிறரை மதியாமை, முன்பின் எண்ணாது பாய்தல், ஒழுங்கை இறுகப் பற்றுதல். கோளாறு என்னும் எல்லையை எட்டாத இடர்ப்பாட்டுக்கும் அங்கே இடமுண்டு. எல்லைநிலை ஒன்றுமட்டும் பெயரோடு தங்கிவிட்டது. அப்பெயரை வைத்தே சிகிச்சை முறைகள் வளர்ந்திருந்தன. அமெரிக்கரோ 2013இலும் பத்து வகைகளை விட்டாரல்லர். கலப்பு முறையொன்றைத் தனிப்பகுதியில் வைத்ததோடு அமைந்தனர்.

பெயரே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. சிகிச்சை கொடுப்பதா வேண்டாவா என இரண்டிலொன்றை வைத்தியர் துணிந்தே ஆகவேண்டும். தன் துன்பத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததே எனச் சிலர் ஆறுதலடைவதும் உண்டு. ஆயினும் என் மனம் அளவின் பக்கமே சாய்கிறது. போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் சிதைத்த குடும்பங்களின் பிள்ளைகள் எம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். வாய் திறவாத பிள்ளையும் உண்டு. எரிந்து விழும் பிள்ளையும் உண்டு. ‘விசர்’ என்ற ஒரு சொல் ஊருக்குள் இறங்கிவிட்டால் கலியாணப் பேச்சு வரை அது பின்தொடரும். இலேசு என்பதோ நாளை இல்லையென்றும் ஆகலாம்.

இனி இவற்றைத் தமிழில் பெயர்ப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘டிசோசியாலிட்டி’ என்னும் குணச்சாயலைச் ‘சமூகவிரோதம்’ என்று பெயர்த்தால், விரட்டிய பழைய பெயரே கொல்லைப்புறத்தால் வந்து குந்திக்கொள்ளும். ‘பிறர்நோக்கின்மை’ என்பது எனக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. இதனினும் நல்ல சொல் அறிந்தோர் எழுதுவாராக.