மானிட்டருக்கு எந்த போர்ட்?

முகூர்த்த நாட்களில் திருத்தணி மலைக்கோயிலில் கல்யாணங்கள் அடுத்தடுத்து நடக்கும். எடுத்த வீடியோவை எடிட் செய்ய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்பது ஸ்டுடியோக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் மெமரி எத்தனை ஜிபி என்று விசாரிப்பவர்கள்கூட, மானிட்டர் கேபிளைச் செருகும் போர்ட் எது என்று கேட்க மறந்துவிடுவார்கள். மின்சார ரயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவில் கார்டு வாங்கித் திரும்பிய பிறகுதான் பழைய கேபிள் அதில் பொருந்தாது என்பது தெரியவரும்.

அந்தக் கேபிள் பெரும்பாலும் விஜிஏ. நீல நிற முனை, மூன்று வரிசையில் 15 பின்கள், இரு பக்கமும் திருகு. 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த முறை இது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அனலாக் மின்னழுத்தமாக அனுப்பும். அன்றைய குழாய்த் திரைக்கு அதுவே தேவை. 2016-இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் அனலாக் வெளியீடே கிடையாது. அதன் டிவிஐ போர்ட்டில் சிறிய விஜிஏ அடாப்டரை மாட்டினால் படம் வராது. சிக்னலை மாற்றும் சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும்.

1999-இல் வந்த டிவிஐ இப்போது விடைபெறும் நிலையில் இருக்கிறது. புதிதாக வாங்குபவர் அதைத் தேட வேண்டாம்.

மிச்சமிருப்பவை எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும்தான். இங்கே போர்ட்டின் பெயரைவிட அதன் பதிப்பு எண்தான் முக்கியம். 4கே திரையில் 3840 x 2160 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட். நொடிக்கு 60 முறை படம் மாற வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,200 கோடி பிட்கள். எச்டிஎம்ஐ 1.4 இதைத் தாங்காது. 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் தரும். மவுஸை நகர்த்தினாலே அம்புக்குறி பின்தங்கி வரும். நாள் முழுக்க எடிட்டிங்கில் உட்காருபவருக்கு இது பெரும் வேதனை. 2013-இல் வந்த 2.0 பதிப்பில்தான் 60 முறை சாத்தியமானது.

டிவி, புரொஜெக்டர் இரண்டுக்கும் எச்டிஎம்ஐ போதும். எடிட்டிங் மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட்டே சிறந்தது. வெசா அமைப்பு 2006-இல் வெளியிட்ட இந்த முறையின் 1.2 பதிப்பே 4கே படத்தை 60 முறை தந்துவிடும். மானிட்டரும் அதற்கு இடம்கொடுத்தால், ஒரே போர்ட்டிலிருந்து இரண்டு திரைகளைத் தொடராக இணைக்கலாம். பெரும்பாலான கேபிள்களின் முனையில் கொக்கி உண்டு. அதை அழுத்தாமல் இழுத்தால் போர்ட் சேதமாகும்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது திசையைக் கவனிக்க வேண்டும். கார்டில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால், ஃபுல் எச்டி வரை விலை குறைந்த அடாப்டரே போதும். அதையே திருப்பி மாட்டி, கார்டின் எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குப் படம் எடுக்க முடியாது. அதற்குத் தனி மின்சாரம் வாங்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவை, விலையும் கூடும்.

புதுக் கார்டை மாட்டியபின் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகுவதும் அடிக்கடி நடக்கிறது. படம் வந்தாலும், அந்தத் திரையை ஓட்டுவது பிராசஸரில் உள்ள கிராஃபிக்ஸாகத்தான் இருக்கும். கேபிள் கார்டிலேயே இருக்க வேண்டும்.

கடைக்குக் கிளம்புமுன் மானிட்டரின் பின்புறத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண்ணும் அதில் தெரியட்டும். அதைக் காட்டிக் கேட்ட பிறகு கார்டுக்குப் பணம் கொடுங்கள்.