டீசல் பிக்கப் வண்டியில் டர்போ அமுக்கம் மிகுதல்: காரணம் கண்டறியும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெங்காயமும் கோவாவும் பீற்றூட்டும் கத்தரியும் திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் ஆகிய சந்தைகளோடு நின்றுவிடுவதில்லை. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றபின் ஏ 9 வீதி படிப்படியாகப் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அன்று முதல் தம்புள்ளைச் சந்தைக்கும் அதற்கப்பாலும் விளைபொருள்களை ஏற்றிச் செல்லும் வசதி உண்டாயிற்று. இவ்வேலைக்கும், மாரியிற் சேறான வயற்பாதையிற் செல்வதற்கும், நாற்சில்லும் இழுக்கும் டீசல் பிக்கப் வண்டிகளைக் கமக்காரர் சிலர் வைத்திருக்கின்றனர்.

பாரம் கூடியபோது வண்டியின் இழுவை போதாது எனக் கருதி, அதன் இயந்திரத்தைக் கராஜில் மாற்றியமைப்பது இப்போது வழக்கமாகி வருகின்றது. டீசல் பம்பின் திருகைக் கூட்டுதல், அகன்ற சைலன்சர்க் குழாய் பூட்டுதல், டர்போவின் கட்டுப்பாட்டுத் தண்டைக் குறுக்குதல் என்பன அம்மாற்றங்களுட் சிலவாம். இவற்றின் பின்னர் வண்டி சில நாட்களுக்கு விரைந்து ஓடும். அதன்பின் திடீரென வலுவிழத்தலும், எச்சரிக்கை விளக்கு எரிதலும், குழாய் வெடித்தலும் நேரிடின், டர்போ அமுக்கம் அளவை மிஞ்சியிருத்தல் கூடும். அறுவடை ஏற்றிய வண்டி நடுவழியில் நின்றால் நட்டமடைவது இயந்திரம் மட்டுமன்று. ஒரு போகத்தின் உழைப்பும் வெயிலில் வாடிப்போகும். ஆதலின் இக்குறையின் காரணத்தை ஒழுங்காகக் கண்டறியும் முறை கீழே தரப்படுகின்றது.

டர்போ என்பது யாது?

டீசல் எரிவதற்குக் காற்று வேண்டும். காற்று அதிகமாகச் சென்றால் அதற்கேற்ப அதிக டீசலை எரித்து அதிக வலுவைப் பெறலாம். இயந்திரத்திலிருந்து வெளியேறும் புகை வீணே போகாது ஒரு சிறு சுழலியைச் சுற்றுகின்றது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சுழலி வெளிக்காற்றை நெருக்கி இயந்திரத்துட் செலுத்துகின்றது. இதுவே டர்போ. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி என்பவர் 1905 ஆம் ஆண்டில் இம்முறைக்கு உரிமம் பெற்றார். இவ்வச்சு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலுஞ் சுழலவல்லது.

இதில் ஒரு வட்டம் உண்டு. புகை கூடினால் சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் காற்று கூடும். காற்றும் டீசலும் கூடினால் புகை மேலும் கூடும். இவ்வட்டத்துக்கு ஒரு கடிவாளம் இன்றியமையாதது. பழைய வகை வண்டிகளில் அக்கடிவாளம் வேஸ்ட்கேட் எனப்படும் சிறு கதவாகும். நெருக்கிய காற்றில் ஒரு பகுதி மெல்லிய றப்பர்க் குழாய் வழியே ஒரு டப்பாவுக்குச் செல்கின்றது. டப்பாவினுள் ஒரு சவ்வும் வில்லும் உள. அமுக்கம் வில்லின் வலுவை வென்றதும் சவ்வு தண்டைத் தள்ள, தண்டு கதவைத் திறக்கும். அப்போது புகையின் ஒரு பகுதி சுழலியைத் தொடாமலே வெளியேறிவிடும்.

புதிய வகை வண்டிகள் பலவற்றிற் கதவுக்குப் பதிலாகச் சுழலியைச் சுற்றி அசையும் இதழ்கள் உள. இதழ்கள் ஒடுங்கினால் அமுக்கம் கூடும், விரிந்தாற் குறையும். வண்டியின் கணினி உணரி மூலம் அமுக்கத்தை அறிந்து இதழ்களை இயக்குகின்றது.

பழைய டீசல் பிக்கப் வண்டிகள் பலவற்றில் வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாகச் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 15 இறாத்தல் வரையும், புதியவற்றில் 20 இறாத்தலுக்கு மேலும் இருத்தல் இயல்பு. தம் வண்டிக்குரிய அளவை அதன் கைந்நூலிற் பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும். அவ்வளவு தெரியாமல் மிகுதி, குறைவு எனப் பேசுதல் பயனற்றது. இரு சில்லு உழவு இயந்திரங்களிலும் சிறிய நாற்சில்லு உழவு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றிலும் டர்போ இல்லை. அவற்றுக்கு இக்கட்டுரை பொருந்தாது.

அமுக்கம் மிகுவதால் விளையும் கேடு

உருளையினுள் அமுக்கம் ஏறுவதால் தலைக் காஸ்கெற் ஊதிப்போகும். பிஸ்டனும் அதன் தண்டும் தாங்கொணாப் பளுவைத் தாங்கும். டர்போவின் அச்சு அளவுக்கு மிஞ்சிச் சுழல்வதால் அதன் தாங்கிகள் தேயும். பம்பின் திருகும் கூட்டப்பட்டிருப்பின் வெப்பமும் சேர்ந்து ஏறிப் பிஸ்டன் உருகவும் கூடும். டர்போவின் எண்ணெய்த் தடுப்புப் பழுதுற்றால், இயந்திரம் தன் எண்ணெயையே எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும். அந்நிலையிற் சாவியைத் திருப்பினாலும் அது நில்லாது.

1990 ஆம் ஆண்டு முதல் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திற் குடாநாட்டு மெக்கானிக்குகள் பெற்றோல் கார்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். அத்திறமை இன்றும் போற்றப்படுகின்றது. ஆயினும் அன்று அவ்வியந்திரங்களின் வலு குறைந்ததேயன்றிக் கூடவில்லை. டர்போவை மாற்றுவதோ வலுவைக் கூட்டுவது. முன்னையதிற் பிழை நேர்ந்தால் வண்டி திணறும். பின்னையதிற் பிழை நேர்ந்தால் இயந்திரமே அழியும். இவ்வேறுபாட்டை உணர்தல் அவசியம்.

முதற்படி: அளவு மெய்யானதா?

பழுது பார்ப்பதற்கு முன் அளவுமானியைச் சோதித்தல் வேண்டும். இயந்திரம் நிற்கையில் மானி பூச்சியத்தைக் காட்டுதல் முறை. நம்பத்தக்க வேறொரு மானியைப் பொருத்தி இரண்டையும் ஒப்பிடுக. கணினியுள்ள வண்டியாயின், சாவியைத் திருப்பி இயந்திரத்தை இயக்காமல் உணரியின் அளவை வாசிக்கலாம். குடாநாடு கடல்மட்டத்தை ஒட்டிய தரையாதலின் அவ்வளவு ஏறக்குறைய 100 கிலோபஸ்கால் இருத்தல் வேண்டும். நிற்கும் இயந்திரத்தில் அது 130 எனக் காட்டினால், பொய் சொல்வது உணரியேயன்றி டர்போ அன்று. உணரியிற் கரி படிந்திருத்தலும் உண்டு. கணினியில் பி 0234 என்னும் குறி பதிந்திருப்பின் அது அமுக்கம் மிகுந்ததைக் குறிக்கும்; காரணத்தைக் குறிக்காது.

இரண்டாம் படி: அமுக்கம் ஏறும் விதம்

பாரம் ஏற்றிய வண்டியை வெறுமையான நேரான வீதியில் ஓட்டி, அருகிருப்பவர் மானியைக் கவனித்தல் நன்று. வெறும் வண்டியில் இக்குறை வெளிப்படாமற் போகலாம். அளவை மிஞ்சியதும் சோதனையை நிறுத்துக. மூன்று விதங்கள் காணப்படும்.

(அ) மிதியை அழுத்தியதும் அமுக்கம் மிஞ்சி அவ்வாறே நிற்றல். கடிவாளம் வேலை செய்யவில்லை என்பது இதன் பொருள். குழாய், சவ்வு, கதவு, தண்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

(ஆ) கணப்பொழுது மிஞ்சிப் பின் இறங்குதல். சிறிதளவாயின் இது இயல்பே. பெரிதாயின் தண்டு இறுகியிருத்தல், குழாய் நீளமாயிருத்தல், இடையிற் பூட்டிய கட்டுப்பாட்டுத் திருகு ஒவ்வாதிருத்தல் என்பன காரணமாகலாம்.

(இ) சுற்று ஏற ஏற அமுக்கமும் மெல்லமெல்ல ஏறிக்கொண்டே போதல். கதவு திறந்தும் புகை முழுவதும் வெளியேற வழி போதாமையே இதன் காரணம். அகன்ற சைலன்சர்க் குழாய் பூட்டிய வண்டிகளில் இது நேர்வதுண்டு.

மூன்றாம் படி: எளியதை முதலிற் பார்த்தல்

இயந்திரம் ஆறிய பின்னரே கைவைத்தல் வேண்டும்.

1. கட்டுப்பாட்டு றப்பர்க் குழாயை முனையிலிருந்து முனைவரை பார்வையிடுக. வெப்பத்தால் வெடிப்பு ஏற்படும். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலில் நிற்கும் வண்டியாயின் எலி கடித்திருத்தலும் உண்டு. வேஸ்ட்கேட் வண்டியில் இக்குழாய் கழன்றால் டப்பாவுக்குக் காற்றுச் செல்லாது, கதவு திறவாது, அமுக்கம் மிஞ்சும்.

2. தண்டைக் கழற்றிக் கதவைக் கையால் அசைத்துப் பார்க்க. கரியாலும் கடற்காற்றின் துருவாலும் அது இறுகியிருக்கலாம்.

3. குழாயைக் கழற்றி, அமுக்கமானி பொருத்திய சைக்கிள் பம்பினால் டப்பாவுக்கு மெதுவாகக் காற்றடிக்க. கைந்நூலிற் கண்ட அமுக்கத்தில் தண்டு நகரத் தொடங்கல் வேண்டும். பின் ஒரு நிமிடம் அமுக்கம் இறங்காதிருத்தல் வேண்டும். இறங்கினாற் சவ்வு கிழிந்துள்ளது. பிந்தி நகர்ந்தால் தண்டு குறுக்கப்பட்டிருக்கலாம். தண்டு முழுதும் நகர்ந்தபின் மேலும் அடித்தல் ஆகாது.

அசையும் இதழ்களுள்ள வண்டியில் நிலைமை வேறு. பெரும்பாலான வெற்றிட வகைகளில், வெற்றிடமே இதழ்களை ஒடுக்குகின்றது. ஆதலின் குழாய் கிழிந்தால் அமுக்கம் குறையுமேயன்றி மிகாது. அங்கு அமுக்கம் மிகுமாயின், இதழ்கள் கரியால் ஒடுங்கிய நிலையிற் சிக்குதலையும், வெற்றிடத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு திறந்தபடி நிற்றலையும் ஐயுறல் வேண்டும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தும் வழியை அடைத்துவிட்ட வண்டிகளிலும், எல்லாப் புகையும் டர்போவுக்கே செல்வதால் அமுக்கம் மிகுதல் கூடும்.

நான்காம் படி: மாற்றங்களை ஒவ்வொன்றாக நீக்குதல்

செய்த மாற்றங்களை எல்லாம் நாள்வரிசையில் எழுதுக. பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழைய நிலைக்குக் கொணர்ந்து சோதிக்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது காரணம் எனத் தெரியாது.

எடுத்துக்காட்டாக, வலிகாமத்தில் வெங்காயம் ஏற்றும் வேஸ்ட்கேட் வண்டியொன்றைக் கருதுவோம். அதன் உரிய அமுக்கம் 10 முதல் 12 இறாத்தல். மானி காட்டுவது 22. வேறொரு மானியும் 22 காட்டுகின்றது. ஆகவே அளவு மெய். சைக்கிள் பம்புச் சோதனையில் தண்டு 10 இறாத்தலில் நகருகின்றது. கதவும் தளர்வாக அசைகின்றது. ஆகவே டப்பாவும் கதவும் நன்று. குழாயின் இடையிற் பூட்டிய கட்டுப்பாட்டுத் திருகை நீக்கிப் புதிய குழாயை நேரே பூட்டினால், 2000 சுற்றில் 11 இறாத்தலும் 3500 சுற்றில் 18 இறாத்தலும் காணப்படுகின்றன. திருகு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமன்று. இப்போது அமுக்கம் சுற்றோடு ஏறுவதால் மூன்றாம் விதம் எனத் தெரிகின்றது. பழைய சைலன்சர்க் குழாயை மீளப் பூட்டியதும் எச்சுற்றிலும் 12 இறாத்தலை மிஞ்சவில்லை. இரு காரணங்களும் தெளிவாயின. திருகை நீக்கியதோடு நிறுத்தியிருந்தால் மற்றையது மறைந்தே இருந்திருக்கும்.

செய்யத் தகாதவை

கணினிக்குப் பொய்யளவு காட்டும் கருவியைப் பூட்டுதல் ஆகாது. விளக்கு அணையும், அமுக்கம் அணையாது. கணினி டீசலைக் குறைத்து வண்டியை மெதுவாக்குவது இயந்திரத்தைக் காப்பதற்கேயாம். குறியை அழித்துவிட்டு மீண்டும் பாரம் ஏற்றுதலும் இத்தகையதே.

இயந்திரம் கட்டுக்கடங்காது ஓடுமாயின், கை கியர் வண்டியிற் பிரேக்கை உறுதியாக மிதித்து, உயர்ந்த கியரிற் போட்டுக் கிளச்சை விடுக. அன்றேல் காற்றுக் குழாயின் வாயைத் தடித்த பலகையால் அடைக்கலாம். கையையோ துணியையோ வைத்தல் ஆபத்து. அணுக முடியாவிடின் யாவரும் விலகி நிற்க.

பராமரிப்பு

எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுக. செம்மண் தூசி மிகுந்த பாதைகளில் ஓடும் வண்டியின் காற்று வடியைக் கைந்நூலிற் சொன்னதிலும் அடிக்கடி பார்க்க. பாரம் இழுத்து வந்தபின் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துக. டர்போ ஆறுதற்கு அது உதவும்.

கழித்த எண்ணெயை நிலத்தில் ஊற்றுதல் கூடாது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நீரே குடிநீரும் தோட்டநீரும் ஆகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதை யாவரும் அறிவர். கழிவெண்ணெயை மூடிய கலனிற் சேர்த்து வைத்து, சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

பாரம் மிகுதியாயின், இயந்திரத்தைக் கூட்டுவதிலும் இரு தடவையாக ஏற்றுதல் பல வேளைகளிற் செலவு குறைந்த வழியாகும். மாற்றம் செய்தே ஆகவேண்டுமாயின் மானி ஒன்றை முதலிற் பூட்டி, உரிய அமுக்கத்தை எழுதி ஓட்டுநர் கண்ணிற் படும்படி ஒட்டி வைத்தல் நலம்.