கோல்ஃப்: மட்டை கையில், பாரம் காலில்!

புது தில்லி: ஓட வேண்டாம், எவருடனும் மோத வேண்டாம், எந்த வயதிலும் ஆடலாம் என்பதே கோல்ஃப் பற்றிய பொதுவான எண்ணம். ஐம்பதைக் கடந்த அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் இந்த விளையாட்டை நாட அதுவும் ஒரு காரணம். ஆனால், மட்டையை வீசுவது கை என்றாலும், அந்த வீச்சின் பாரத்தைத் தாங்குவது பாதமும் கணுக்காலும்தான்.

தலைநகரில் இன்று கோல்ஃப், கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதல்ல. லாடோ சராயில் தில்லி வளர்ச்சி ஆணையம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய குதுப் கோல்ஃப் மைதானத்தில் கட்டணம் செலுத்தி எவரும் ஆடலாம். நடுத்தர வயதில் முதன்முறையாக மட்டை பிடிப்போருக்கு இது வழி திறந்தது. காயத்தைத் தவிர்க்கும் முறைகளை முதலில் அறிய வேண்டியவர்களும் அவர்களே.

காயம் நேர்வது எப்படி?

வலக்கை ஆட்டக்காரர் மட்டையை ஓங்கும்போது உடல் எடை வலது பாதத்தில் இருக்கும். வீசும்போது அது நொடிப்பொழுதில் இடது பாதத்துக்கு மாறுகிறது. வீச்சு முடிகையில் இடது பாதம் வெளி விளிம்பின் மீது சாய்வதால், கணுக்காலின் வெளிப்புறத் தசைநார்கள் இழுபடுகின்றன. காலணியின் முள்கள் தரையை இறுகப் பற்றியிருந்தால், முறுக்கு முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் செல்கிறது.

ஆட்டத்தைவிடப் பயிற்சியில் இந்தச் சுமை அதிகம். ஆட்டத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே நடையும் ஓய்வும் உண்டு. பயிற்சிக் களத்திலோ கூடை நிறையப் பந்துகளை ஒரே இடத்தில் நின்று அடித்துத் தீர்க்கின்றனர். காலடியில் செயற்கை விரிப்பு இருந்தால், அது புல்தரைபோல நெகிழ்ந்து கொடுப்பதில்லை.

உலகப் புகழ்பெற்ற டைகர் உட்ஸே இதற்கு விலக்கல்ல. 2025 மார்ச்சில், வீட்டில் பயிற்சியைத் தீவிரப்படுத்தியபோது அவரது இடது குதிகால் நாண் அறுந்து, அறுவை சிகிச்சை செய்ய நேரிட்டது.

தடுக்கும் வழிகள்

பந்தைத் தொடும் முன் பத்து நிமிடங்கள் நடந்து, கணுக்காலைச் சுழற்றி, கெண்டைக்காலை நீட்டித் தளர்த்த வேண்டும். தில்லியின் குளிர்கால அதிகாலையில் தசைகள் விறைத்திருக்கும். பனியில் நனைந்த புல்லும் வழுக்கும் என்பதால் இது மிகவும் அவசியம்.

சிறிய மட்டைகளின் அரை வீச்சில் தொடங்கி, படிப்படியாக முழு வீச்சுக்குச் செல்லலாம். இடது பாதத்தின் நுனியைச் சற்றே வெளிப்புறம் திருப்பி நின்றால் கணுக்காலின் முறுக்கு குறையும். இருபது, முப்பது பந்துகளுக்கு ஒருமுறை சிறிது நடப்பது நல்லது.

காலணியில் உலோக முள்களைவிடப் பிளாஸ்டிக் முள்களே மேல். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பார்த்து வாங்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஆட்டம் முடிந்ததும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் தெரியாமலே புண்ணாகிவிடும்.

சுளுக்கினால் ஆட்டத்தை உடனே நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடங்கள் வைத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்-ரே அவசியம்.

பை சுமப்பவரின் கால்

இந்த அறிவுரைகள் யாவும் ஆட்டக்காரருக்கே சொல்லப்படுகின்றன. அவரது மட்டைப் பையைச் சுமந்து உடன் நடக்கும் உதவியாளரைப் பற்றிப் பேச்சில்லை. 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றுக்கு நடை மட்டும் எட்டு கிலோ மீட்டருக்குக் குறையாது. 1991-இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியரான அலி ஷேர், தில்லியில் இப்படிப் பை சுமந்தவர்தான்.

கணுக்கால் சுளுக்கினால் ஆட்டக்காரருக்குப் போவது ஒரு வார ஆட்டம். உதவியாளருக்குப் போவது ஒரு வாரக் கூலி. அமைப்புசாராத் தொழிலாளரின் சமூகப் பாதுகாப்புக்கு நாடாளுமன்றம் 2008-இலும் 2020-இலும் சட்டம் இயற்றியது. ஆனால், பை சுமப்பவருக்கு ஒரு ஜோடி நல்ல காலணியும், மைதானத்தில் ஒரு முதலுதவிப் பெட்டியும் தருவதற்கு எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் இயற்றுவோரும் அதை நடைமுறைப்படுத்துவோரும் ஆடும் மைதானங்களிலேயே அதைத் தொடங்கலாம்.