தரைக்கீழ்நீரும் எண்ணெய்க் கசிவும்

மடுல்சீமை மலைத்தோட்டங்களிலே வாழ்வோர்க்குப் பீலி எத்துணை இன்றியமையாததோ, யாழ்ப்பாணத்தார்க்குக் கிணறும் அத்துணை இன்றியமையாதது. இரண்டும் தரைக்கீழ்நீரின் வாயில்களே. மழைநீர் மண்ணினூடே வடிந்து பாறையின்மேல் தங்கி, ஓரிடத்தே ஊற்றாய் வெளிப்படுகின்றது. மற்றோரிடத்தே தோண்டுவார்க்குக் கிடைக்கின்றது. அந்நீரிலே எண்ணெய் கலந்துவிடின் அதனைக் கண்டறிவது எங்ஙனம் என்பது, சுன்னாகத்தார்க்கு நேர்ந்த இடரினால் இலங்கையர் அனைவர்க்கும் உரிய வினாவாயிற்று.

பழைய எண்ணெய்க் குழாயொன்று மண்ணுக்குள்ளே துருவேறித் துளைபட்டதெனக் கொள்க. ஒழுகும் டீசல் முதலிலே நேர்கீழாக இறங்கும். அதன் ஒரு பகுதி மண்ணின் நுண்டுளைகளிலே பிடிபட்டு நின்றுவிடும். எஞ்சியது நீர்மட்டத்தை அடைந்து, நீரினும் இலேசானதாகலின், அதன்மேல் மிதந்து பரவும். இம்மிதப்பினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத பகுதியாகும். எண்ணெயிலுள்ள பென்சீன் போன்ற பொருள்கள் நீரிற் கரைந்து, அது செல்லுமிடமெல்லாம் செல்லும். பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது. குடிநீரில் அது இலீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அத்துணைச் சிறிய அளவை நாவும் மூக்கும் அறியமாட்டா.

ஆகவே குழாய் சென்ற வழியே மண்ணைத் துளைத்துப் பார்த்தல் ஆய்வின் தொடக்கம் மாத்திரமே. நீர் செல்லுந் திசையை அறிதல் வேண்டும். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்ட உயரங்களை அளந்தால் அத்திசை கேத்திரகணித முறையாற் புலப்படும். மாணவரும் செய்யத்தக்க இவ்வெளிய அளவை, விலையுயர்ந்த கருவிகள் பலவற்றினும் பயனுடையது. நீர் வரும் பக்கத்திலும் ஒரு கிணறு சோதிக்கப்படல் வேண்டும். இன்றேல் மாசு குழாயினின்று வந்ததோ வேறிடத்தினின்று வந்ததோ எனத் துணிதல் இயலாது. எடுத்த நீரைக் கண்ணாடிக் குப்பியிலே காற்றுக்கு இடமின்றி நிரப்பிக் குளிர்மையிற் கொண்டுசெல்லாவிடின் பென்சீன் ஆவியாய்ப் போய்விடும். ஆய்வுகூடமோ நீர் தூயதென்று சான்று வழங்கும்!

காலமும் ஏமாற்றும். மாரியில் நீர்மட்டம் உயர, எண்ணெய் மண்ணிடையே சிறைப்பட்டு மறையும். கோடையில் மட்டந் தாழ, மீண்டும் கிணற்றிலே மிதக்கும். ஒரு பருவத்துச் சோதனை ஒன்றைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது.

சுன்னாகத்திலே பழி குழாயின்மேல் விழவில்லை. மின்னிலைய வளாகத்தினின்று மண்ணிற் சேர்ந்த கழிவெண்ணெயின்மேல் விழுந்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013-14இல் ஆராய்ந்த 150 கிணறுகளுள் 109இல் எண்ணெயும் கொழுப்பும் வரம்பு மீறியிருந்தன. இதற்கு மாறான அறிக்கையும் வெளிவந்தது. அறிஞர் தம்முள் மாறுபட்டிருக்க, மக்கள் முற்றத்துக் கிணற்றை விட்டுப் பௌசரில் வரும் நீருக்குக் காத்துநின்றனர். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லிலே நீர் அரித்த பிளவுகளும் குகைகளும் உண்டு. அவற்றினூடே எண்ணெய் ஓடுங்கால், அருகுள்ள கிணறு தப்ப அப்பாலுள்ளது கெடுதலும் கூடும். இறுதியில் உயர் நீதிமன்றம், 2019 ஏப்பிரல் 4இல், மாசு செய்தவரே அதன் செலவைத் தாங்கல் வேண்டுமென்னும் நெறியைக் கைக்கொண்டு, தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று கிணறு கெட்டோர்க்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

மடுல்சீமையின் நிலம் வேறு. அங்கே உருமாறிய பழம்பாறையின்மேல் சிதைந்த மண்போர்வை கிடக்கின்றது. சரிவு பெரிதாகலின், நீரிற் பெரும்பகுதி நெடுந்தூரம் மறைந்து செல்லாது கீழ்ச்சரிவில் ஊற்றாகும். தொழிற்சாலையருகே புதைத்த டீசல் தாங்கியொன்று கசியுமாயின், முதலிற் கெடத்தக்கது அதன்கீழே உள்ள லயத்தின் பீலியே. அத்தகைய இடத்திலே ஆய்வாளனுக்குச் சரிவிலுள்ள ஊற்றுக்களே சோதனைக் கிணறுகளாம். ஊவாவுக்கு மழையை மிகத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. யூன் முதல் செப்ரெம்பர் வரை வறட்சி. அவ்விரு காலத்தும் பீலிநீர் எடுக்கப்படல் வேண்டும்; தாங்கிக்கு மேலேயுள்ள ஊற்றினின்றும் ஒரு குப்பி.