இரண்டு பேர் சாப்பிட ஐயாயிரம் ரூபாய்… உடம்புக்கு லாபமா?

புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சு வீதிகளில் நடந்து போயிருக்கிறீர்களா? மஞ்சள் சுவர், உயரமான மரக்கதவு, உள்ளே முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். வாசலில் இருக்கும் மெனு கார்டைக் குனிந்து படித்துவிட்டு, "அம்மாடியோவ்!" என்று நகர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

"ஒரு துண்டு மீனுக்கு இந்த விலையா? இந்தக் காசுக்கு வீட்டுக்கே நாலு நாளைக்கு மீன் வாங்கிடலாமே!"

இந்தக் கணக்கு தப்பு இல்லை. ஆனால் முழுக் கணக்கும் இல்லை.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள எங்கள் பகுதிக் குடும்பங்களில் இப்போதெல்லாம் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. அப்பா காலமெல்லாம் ஷிப்டு பார்த்தவர். பிள்ளை படித்து சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய்விட்டான். கையில் நாலு காசு சேர்ந்ததும், "உங்க கல்யாண நாளுக்குப் பெரிய ஹோட்டல்ல சாப்பிடலாம்மா" என்கிறான். அம்மாவோ, "அந்தக் காசுல மளிகை வாங்கிப் போடுடா" என்கிறாள். "நீங்களே சொல்லுங்க டாக்டர், அது உடம்புக்கு ஆகுமா?" என்று பஞ்சாயத்து வைத்தியரிடம் வந்து நிற்கிறது!

சரி, தீர்ப்பு சொல்லிவிடுவோம்.

மருந்தாகப் பிறந்தது!

'ரெஸ்டாரன்ட்' என்பது முதலில் ஒரு கடையின் பெயரே இல்லை. ஒரு சூப்பின் பெயர். இறைச்சியையும் எலும்பையும் நீண்ட நேரம் கொதிக்கவைத்து இறக்கிய சத்துச் சாற்றுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. 'மறுபடி தெம்பூட்டுவது' என்று பொருள். 1760-களில் பாரீஸ் நகரில், உடம்பு நலிந்தவர்களுக்கு இந்தச் சாற்றை விற்கும் கடைகள் தோன்றின. தனி மேஜை, விரும்பிய நேரம், விரும்பியதைப் பட்டியல் பார்த்துக் கேட்கும் வசதி. நாளடைவில் சூப்பின் பெயர் கடைக்கு ஒட்டிக்கொண்டது.

ஆக, மிளகு ரசமும் கஞ்சியும் கொடுத்து நோயாளியைத் தேற்றுகிற நம் பாட்டி வைத்தியத்துக்கும், இந்த உயர்தர உணவகத்துக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் இன்றைக்கு அந்த மேஜையில் கிடைப்பது மருந்தா, வெறும் ஆடம்பரமா?

காசு எங்கே போகிறது?

ஒரு ஆளுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் மீன், காய், வெண்ணெய், மசாலாவுக்கு ஆகும் செலவு பொதுவாக மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மீதி எல்லாம் கட்டட வாடகை, சமையல்காரர் சம்பளம், பரிமாறுபவர் கூலி, விளக்கு, குளிர்சாதனம், முதலாளியின் லாபம்.

"அப்போ ஏமாத்துறாங்கதானே?" என்று அவசரப்படாதீர்கள். கூட்டமான ஒரு மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ரசத்துக்கு வரும்போதே உங்கள் நாற்காலியின் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார். மோரைக் குடித்து முடிப்பதற்குள் இலையை மூடச் சொல்லும் அவர் பார்வை! இருபது நிமிடத்தில் ஒரு இலை. அதனால்தான் அங்கே விலை குறைவு. பெரிய உணவகத்தில் ஒரு மேஜைக்கு ராத்திரிக்கு ஒரே குடும்பம் என்றுகூட இருக்கும். அங்கே நீங்கள் வாங்குவது அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடும் உரிமையை!

2010-ல் யுனெஸ்கோ நிறுவனம் பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்தாகப் பட்டியலில் சேர்த்தது. குறிப்பிட்ட ஒரு பண்டத்துக்காக அல்ல. பிறப்பு, கல்யாணம், பிறந்தநாள் என்று விசேஷங்களில் கூடி உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறி, பேசிக்கொண்டே உண்ணும் அந்த வழக்கத்துக்காக!

நாக்கை ஏமாற்றும் விலை

விலை கூடினால் ருசி கூடுமா? கூடுவதாகத் தோன்றும். 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி சுவாரஸ்யமானது. இருபது பேருக்கு ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தடவை 10 டாலர் என்றார்கள், இன்னொரு தடவை அதையே 90 டாலர் என்றார்கள். 90 டாலர் என்று சொன்னபோதுதான் அதிக ருசி என்றார்கள் குடித்தவர்கள். வாய் வார்த்தை மட்டுமல்ல, ஸ்கேன் செய்து பார்த்தபோது மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது கூடுதலாக வேலை செய்தது.

நாக்கு, விலைச் சீட்டையும் சேர்த்துத்தான் ருசிக்கிறது. எனவே 'விலை அதிகம், ஆகவே உடம்புக்கு நல்லது' என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சத்துக் கணக்குப் பார்த்தால் நம் கேழ்வரகுக் கூழும், முருங்கைக்கீரையும், நெத்திலிக் குழம்பும் எந்த மேஜைக்கும் இளைத்தவை அல்ல.

வயிறு என்ன சொல்கிறது?

சித்த மருத்துவத்தில் அறுசுவைக்கும் பஞ்சபூதத்துக்கும் முடிச்சு உண்டு. இனிப்பு மண்ணும் நீரும். கார்ப்பு காற்றும் தீயும். கைப்பு காற்றும் விண்ணும்… இப்படி. ஆறும் அளவோடு சேர்ந்தால்தான் வாத, பித்த, கபம் நிலையாக நிற்கும். விருந்தில் இனிப்பை முதலில் வைத்து, மோரில் முடித்து, தாம்பூலத்தின் துவர்ப்போடு எழுந்திருக்கச் சொன்னது வெறும் சடங்கு அல்ல.

இந்த இடத்தில் உயர்தர உணவகத்துக்கு ஒரு பாராட்டு. தட்டு தட்டாக, சின்னச் சின்ன அளவில், இடைவெளி விட்டுத் தருகிறார்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். அவசரமாக அள்ளிப் போடுகிறவர் அந்தச் செய்தி வருவதற்குள் இரண்டு பங்கு சாப்பிட்டுவிடுகிறார். 'அரை வயிறு சோறு, கால் வயிறு நீர், கால் வயிறு காலி' என்ற நம் பெரியவர்கள் கணக்குக்கு, நிதானமாக வரும் சின்னத் தட்டுகள் ஒத்துப்போகின்றன. 'காசு கொடுத்தாச்சு, விடக்கூடாது' என்று பஃபேயில் மலைபோல் குவித்துச் சாப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்!

ஆனால் ஒரு குட்டும் உண்டு. அந்தச் சின்னத் தட்டுக்குள் வெண்ணெய், க்ரீம், உப்பு மூன்றும் ஒளிந்திருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. சாஸ், சீஸ், ஊறவைத்த இறைச்சி என்று வரிசையாக வந்தால், அந்த ஒருவேளையிலேயே அது முடிந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை பரவாயில்லை. மாதம் நாலு முறை என்றால் ரத்தக் கொதிப்புக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

நம் வடகம்தான் அங்கே 'வடுவான்'!

சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நம் வீடுகளில் வெயிலில் காயவைப்போமே, தாளிப்பு வடகம்… அதுதான் புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் போய், 'வடுவான்' என்று பெயர் மாறி, மேல்நாட்டுப் பெரிய சமையலறைகளில் விலை உயர்ந்த மசாலாவாகப் புழங்குகிறது.

சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலில் 2017-ல் 'அவர்தனா' என்ற உணவகம் தொடங்கினார்கள். தென்னிந்தியச் சமையலையே 7, 9, 11, 13 என்று தட்டு வரிசையாகப் பரிமாறும் இடம். அங்கே பேர்போனது என்ன தெரியுமா? தெளிந்த தக்காளி ரசம்!

அமெரிக்காவுக்கே போனாலும் இதே கதைதான். நியூயார்க்கில் 2021-ல் திறந்த 'செம்மா' உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் விஜயகுமார், நம் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதிக்காரர். 2022-ல் அந்த உணவகத்துக்கு மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது. 2025-ல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. அங்கே ரசித்துச் சாப்பிடும் பண்டங்களில் ஒன்று… நத்தைப் பிரட்டல்! வயல் வரப்பில் பொறுக்கி, மூல நோய்க்கு நல்லது என்று கிராமத்தில் ஆக்கிக் கொடுத்த அதே நத்தை.

எனவே பொருளில் உயர்வு தாழ்வு இல்லை. அதை மதித்துச் சமைப்பதிலும், மதித்துச் சாப்பிடுவதிலும்தான் உயர்வு.

யாருக்கு லாபம்?

என்னிடம் நெஞ்செரிச்சலுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் மருந்து வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா. எல்லோருக்கும் போட்டு முடித்து, மூன்று மணிக்கு அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போன மிச்சத்தை அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கம். "வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கம்மா" என்று எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்புதான் பதில். மகன் பிடிவாதமாக ஒரு பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போய்விட்டு வந்தான். அடுத்த முறை வந்தபோது கேட்டேன்.

"என்ன சாப்பிட்டேன்னு பேரே வாயில நுழையல டாக்டர். ஆனா ஒண்ணு… கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல நான் உட்கார்ந்திருக்க, இன்னொருத்தர் சூடா கொண்டு வந்து வெச்சது அன்னிக்குத்தான்."

பக்கத்தில் இருந்த அவர் கணவர் தலை நிமிரவில்லை.

அந்த அம்மாவுக்கு அது வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒருநாள் ராத்திரி சூடாகச் சாப்பிட்டதில் வயிற்றுப் புண் ஆறிவிடாது. வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் மறுபடி மூன்று மணி, மறுபடி நின்றபடி மிச்சச் சோறு என்றால், அத்தனை ஆயிரமும் தண்டம்! கணவரிடம் சொல்லி அனுப்பினேன்: "இனிமே மாத்திரைக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. ராத்திரி ஒருவேளை அவங்களை முதல்ல உட்கார வெச்சு நீங்க பரிமாறுங்க."

ஆக, என் தீர்ப்பு இதுதான். பசியோடு, பிரியமானவரோடு, அவசரமில்லாமல், கையில் இருக்கும் காசில் எப்போதாவது ஒருமுறை போனால், கொடுத்த பணம் வீண் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனார் என்று போவதும், தட்டு வந்ததும் ஆறும்வரை போட்டோ எடுப்பதும், கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு மாதம் 3 சதவிகிதத்துக்கு மேல் வட்டி கட்டுவதும் நஷ்டமே. கவலையோடு விழுங்கும் சோறு எந்த விலையானாலும் செரிக்காது.

போகிறீர்களா? கொஞ்சம் கவனியுங்கள்!

● சர்க்கரை நோயாளிகள்: சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை, இன்சுலினை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். முக்கியமான தட்டு வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் சர்க்கரை தாழ்ந்துவிடும். அன்றைக்கு எப்போது போடுவது என்று மருந்து எழுதித் தந்த டாக்டரிடம் முன்பே கேளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை சாப்பிட வேண்டும். கையில் வைத்திருங்கள்.

● கர்ப்பிணிகள்: பச்சை மீன், சிப்பி, அரைவேக்காட்டு முட்டை, இறைச்சி, காய்ச்சாத பாலில் செய்த சீஸ் வேண்டாம்.

● இறால், நண்டு, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிரெஞ்சு சாஸ்களில் ஒயின் சேர்ப்பது உண்டு. வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை!

● மத்தியானம் பட்டினி கிடந்து போகாதீர்கள். வெறும் வயிற்றில் பித்தம் ஏறி, முதல் தட்டிலேயே திகட்டிவிடும். மத்தியானம் இளஞ்சோறும் ரசமும் போதும். ராத்திரி முடிந்தவரை எட்டு மணிக்குள் உட்காருங்கள்.

● பில்லைப் படியுங்கள். சாதாரணமாக ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவிகிதம். 'சர்வீஸ் சார்ஜ்' கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அப்படி விதித்தது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915-க்குப் போன் செய்யலாம்.

வீட்டிலேயே ஒரு விருந்து

போக வசதி இல்லையா? குறையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டி.வி.யையும் செல்போனையும் அணைத்துவிடுங்கள். முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தூதுவளை ரசம். பத்து நிமிடம் பேச்சு. பிறகு கொஞ்சமாக ஒரு கூட்டு, நெய் விட்ட ஒரு கரண்டி பருப்புச் சோறு. இன்னும் பத்து நிமிடம் பேச்சு. அப்புறம் வடகம் தாளித்த குழம்பு. கடைசியில் பெருங்காயம், இஞ்சி தட்டிப்போட்ட மோர். தினமும் பரிமாறுகிறவர் அன்றைக்கு உட்காரட்டும். தினமும் உட்காருகிறவர் அன்றைக்குப் பரிமாறட்டும்!

செலவு, இருநூறு ரூபாய்கூட ஆகாது. சர்வீஸ் சார்ஜும் கிடையாது!