உழைப்பின் எல்லையை மூச்சு அறிவிக்கும்

தறி மிதிப்பவருக்கும் மண்வெட்டி பிடிப்பவருக்கும் உழைப்பின் அளவை முதலில் உணர்த்துவது மூச்சேயாகும். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

மதுரை காளவாசலில் 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலத்தின் மீது, நூல் மூட்டையுடன் மிதிவண்டியில் ஏறுபவரை எடுத்துக் கொள்வோம். சமதரையில் அவர் உடன் வருபவரோடு பேசிக்கொண்டே செல்வார். அப்போதும் தசைகளில் லாக்டேட் என்னும் பொருள் உண்டாகிறது. ஆயினும் இருதயமும் பிற தசைகளும் அதனை எரிபொருளாக்கி விடுவதால், இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் என்னும் ஓய்வுநிலை அளவை ஒட்டியே நிற்கிறது.

ஏற்றத்தில் முயற்சி கடுமையாகுங்கால் ஓர் எல்லை வருகிறது. லாக்டேட்டின் வரவு செலவை மிஞ்சி, இரத்தத்தில் சேர்கிறது. உடன் தோன்றும் அமிலத்தை இரத்தத்திலுள்ள பைகார்பனேட் தணிக்கிறது. அதனால் விளையும் கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சு மிக விரைகிறது, பேச்சு துண்டுபடுகிறது. மூச்சுக்காற்றை அளந்தே இவ்வெல்லையை அறியும் முறையை 1964-இல் வாசர்மன், மக்கில்ராய் என்போர் வெளியிட்டனர்.

கூலி கருதிக் காலையிலேயே இவ்வெல்லையை மீறுபவர் விரைவில் தளர்வர். ஆகவே, நெடுநேர வேலைக்கு முழு வாக்கியம் பேச இயலும் வேகமே ஏற்றது. படிப்படியாகப் பழகின் எல்லையும் உயரும். மறுநாள் தசைவலிக்கு லாக்டேட் காரணமன்று. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவை எய்திவிடும். நெஞ்சுவலியோ, இளைப்பாறியும் தணியாத மூச்சுத் திணறலோ தோன்றின், தாமதமின்றி மருத்துவரை நாடுதல் வேண்டும்.