ஒரே புல்தரையில் இரண்டு போர்டு

2008 பிப்ரவரி கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு போர்டுகள் நின்றன. நான் நட்டது ஹிலாரி கிளிண்டன். அண்ணன் மகன் நட்டது பராக் ஒபாமா. காலையில் எழுந்து பார்த்தால் அவனுடையது என்னுடையதைவிட ஒரு சாண் தெருப் பக்கமாக நகர்ந்திருக்கும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் நான் என்னுடையதைப் பிடுங்கி, அதற்கும் முன்னால் ஊன்றுவேன். ஒரே வாரத்தில் இரண்டும் தெரு விளிம்புக்கு வந்துவிட்டன. என் வீட்டுக்காரரிடம் அப்போது கிரீன் கார்டுதான், ஓட்டு கிடையாது. "ரெண்டு பேருமா சேர்ந்து புல்லை நாசம் பண்ணிட்டீங்க" என்பதுதான் அந்தத் தேர்தல் பற்றி அவர் முதலில் சொன்ன கருத்து.

ஹூஸ்டனுக்குத் தெற்கே, பேர்லாண்ட் பக்கம் எங்கள் வீடு. மீனாட்சி கோயில் இருக்கிற ஊர் என்றால் அமெரிக்கத் தமிழர்களுக்குச் சட்டென்று தெரியும். அதற்கு முந்தைய வருஷம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. அண்ணன் மகன் டாலஸில் பிறந்தவன். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காக எங்களோடு தங்கியிருந்தான். அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் அத்தைக்கும் மருமகனுக்கும் அதுதான் முதல் ஓட்டு. இருவரும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. சண்டை வந்ததே அதனால்தான்.

நம் ஊரில் யாருக்குச் சீட்டு என்பதைக் கட்சித் தலைமை சொல்லும். விருப்ப மனு கொடுத்து, பணம் கட்டி, நேர்காணலுக்குப் போய்விட்டுப் பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கிடைக்காதவரின் ஆட்கள் கட்சி அலுவலக வாசலில் இரண்டு நாள் கோஷம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அமெரிக்காவில் அந்தச் சீட்டையே மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கிறார்கள். மாநிலம் மாநிலமாக நடக்கும் அந்த ஓட்டெடுப்புக்குத்தான் பிரைமரி என்று பெயர். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் டெலிகேட்டுகள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதமாவது வாங்கியவர்களுக்கெல்லாம் ஓட்டு விகிதப்படி டெலிகேட்டுகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் இரண்டு பேர் சமபலத்தில் இருந்துவிட்டால் சண்டை முடியவே முடியாது. 2008-ல் ஜனவரி 3 அன்று அயோவாவில் ஆரம்பித்தது ஜூன் 3 வரை ஓடியது. ஐந்து மாதம்!

இவ்வளவு நாள் அடித்துக்கொள்ளும் அளவுக்கு ஹிலாரிக்கும் ஒபாமாவுக்கும் என்ன வித்தியாசம்? இன்றைக்கு யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஈராக் போர் ஒன்றுதான் நிஜமான வித்தியாசம். 2002-ல் செனட்டில் அந்தப் போருக்கு அனுமதி கொடுத்து ஓட்டுப் போட்டவர் ஹிலாரி. ஒபாமா அப்போது செனட்டிலேயே இல்லை, ஆனால் பகிரங்கமாக எதிர்த்தவர். "போருக்குக் கை தூக்கினவங்க அத்தை அவங்க" என்று மருமகன் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தால் எனக்குப் பதில் இருக்காது. மருத்துவக் காப்பீட்டுக்குத் தாவுவேன். எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்றது ஹிலாரியின் திட்டம். குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம் போதும் என்றது ஒபாமாவின் திட்டம். அந்த ஒரு வார்த்தைக்காக ஒஹாயோவில் ஒபாமா தரப்பு துண்டுப் பிரசுரம் அடிக்க, "வெட்கமாயில்லையா" என்று ஹிலாரி மேடையில் கத்த, இங்கே நாங்கள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2010-ல் ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டத்தில் அந்தக் கட்டாயம் இருந்தது. நான் மருமகனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை, தெரிந்தேதான் எடுக்கவில்லை.

எதிர்க்கட்சிக்காரனோடு சண்டை போடுவது சுலபம். அவன் வேண்டுவது வேறு, நமக்கு வேண்டியது வேறு, தீர்ந்தது. பங்காளிச் சண்டை அப்படியில்லை. ஒரே தாத்தா, ஒரே கிணறு, ஒரே வரப்பு. கொள்கையில் பேச ஒன்றும் இல்லாதபோது மிச்சம் இருப்பது ஆள்தான். அந்த ஆளைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி. நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி பேசிக்கொண்டிருக்கும்போது "என் சட்டையை இஸ்திரி போடு" என்று ஒருவன் எழுந்து கூச்சல் போட்டான். ஆபீஸில் பத்து வருஷமாகக் கூட்டம் என்றால் காபி ஏற்பாடு என் தலையில்தான். அந்தக் குரலை நான் டிவியில் கேட்கவில்லை, என் காதருகே கேட்டேன். மருமகனுக்கும் இதே கதை. பள்ளிக்கூடத்தில் அவன் பெயரை யாரும் ஒழுங்காக உச்சரித்ததில்லை. நடுப்பெயர் ஹுசேன் என்று வைத்துக்கொண்டு ஒருவர் ஜனாதிபதியாக நிற்கிறார் என்றால் அது அவனுக்கு அரசியல் மட்டும் இல்லை.

பிப்ரவரி 21 அன்று ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விவாதம். ஒபாமா இன்னொரு தலைவரின் வரிகளை எடுத்துப் பேசியதைக் குத்திக்காட்டி, இது மாற்றம் இல்லை, ஜெராக்ஸ் என்ற அர்த்தத்தில் ஹிலாரி ஒரு போடு போட்டார். அரங்கத்தில் எதிர்ப்புச் சத்தம். எங்கள் வீட்டுச் சோபாவிலும் அதே சத்தம். ஜெராக்ஸ் என்பது அமெரிக்காவில் ஒரு கம்பெனிப் பெயர், நமக்கோ அது பக்கத்துத் தெருக் கடை. ஒரு வாரம் நான் எதைச் சொன்னாலும் "ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கவா அத்தை?" என்றே கேட்டான்.

அடுத்து வந்ததில் தப்பு என்மேல். ஒபாமா 2006-ல் கென்யா போனபோது சோமாலி உடையும் தலைப்பாகையும் அணிவித்து எடுத்த போட்டோ ஒன்று பிப்ரவரி 25 அன்று இணையத்தில் சுற்றியது. கிளிண்டன் ஆட்கள்தான் கிளப்பிவிட்டார்கள் என்று பேச்சு. தெரிந்தவர் ஒருவர் எனக்கு அதை மெயிலில் அனுப்ப, நானும் யோசிக்காமல், சிரிப்புக்குறி ஒன்று போட்டு, மருமகனுக்குத் தள்ளிவிட்டேன். அன்றிரவு அவன் சாப்பிட வரவில்லை. என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்தார். "ஊர்க் கொடைக்குப் போனப்ப எனக்குப் பரிவட்டம் கட்டிவிட்டு மாமா போட்டோ எடுத்தாரே, அதை யாராவது என் ஆபீஸுக்கு அனுப்பி, பாருங்க இவன் யாருன்னு எழுதினா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அவர் சொன்ன இரண்டாவது கருத்து அது. மூன்றாவது சொல்ல நான் விடவில்லை.

மார்ச் 4, டெக்சாஸ் பிரைமரி. எங்கள் மாநிலத்துக்கு அப்போது ஒரு விசித்திரம் உண்டு. பகலில் ஓட்டுப் போட்டால் பாதி வேலைதான் முடியும். ஓட்டுச்சாவடி மூடிய பிறகு, இரவு 7.15-க்கு, ஓட்டுப் போட்டவர்களே மறுபடி அதே பூத்துக்கு வந்து கூட்டம் போட்டு, நான் இன்னார் பக்கம் என்று பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காகஸ் என்பார்கள். மாநிலத்தின் 193 டெலிகேட்டுகளில் 126 பேர் பகல் ஓட்டில், 67 பேர் இரவுக் கூட்டத்தில். டெக்சாஸ் டூ-ஸ்டெப் என்று நாட்டியத்தின் பெயரையே வைத்திருந்தார்கள்.

எங்கள் பூத் ஒரு தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். குழந்தைகள் உட்காரும் தாழ்ந்த மேஜைகள், முழங்கால் உயரத்துக்கு நாற்காலிகள். வழக்கமாக இந்தக் கூட்டத்துக்குக் கைவிரலில் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் ஆள் வருமாம். அன்று வரிசை கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி வளைந்து போயிருந்தது. வரிசையிலேயே முறைப்பு. டெக்சாஸில் கட்சிவாரியாக வாக்காளர் பதிவு கிடையாது, யாரும் எந்தக் கட்சிப் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். ரஷ் லிம்பா என்ற வலதுசாரி வானொலிக்காரர், ஜனநாயகக் கட்சிச் சண்டை நீடிக்க வேண்டும், போய் ஹிலாரிக்குப் போடுங்கள் என்று குடியரசுக் கட்சிக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார். அதனால் என் சட்டையில் குத்தியிருந்த ஹிலாரி பட்டனைப் பார்த்து, பின்னால் நின்ற பையன், "நீங்க நிஜமாவே நம்ம கட்சியா?" என்று கேட்டான். புடவைக் கடையில் பட்டா பாலியஸ்டரா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார்களே, அப்படி.

படிவங்கள் ஒரு பெரிய கவரில் வரும். அந்தக் கவர் யார் கையில் இருக்கிறதோ அவர் கூட்டத்தை நடத்துவார் என்று இரண்டு முகாம்களும் தங்கள் ஆட்களுக்குப் பாடம் எடுத்திருந்தன. கவர் மேஜைக்கு வந்ததும் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தார்கள். இழுக்கவில்லை, விடவும் இல்லை. கட்சி ஆள் ஒருவர் குழந்தை நாற்காலி மேல் ஏறி நின்று, கை தூக்கச் சொல்லித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார். ஒபாமா பக்கம். எங்கள் பக்கத்தில் வயதான பெண்கள் அதிகம், நிற்க முடியாமல் பலர் ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தார்கள்.

கையெழுத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் வீட்டுப் பையன்.

"அத்தை, கார்டு."

ஓட்டுப் போட்டதற்கு அடையாளமாக வாக்காளர் அட்டையில் முத்திரை குத்துவார்கள். என் அட்டை காரில், வேறு கைப்பையில் இருந்தது.

"டேய், காலையில உனக்கு தோசை சுட்டுப் போட்டவடா நான்."

"ரூல் அத்தை. இல்லேன்னா பட்டியல்ல தேடணும், ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றேன். அவன் பட்டியலைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்து, ஹிலாரி என்று நான் எழுதுவதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான். சிறிது நேரத்தில் படிவம் தீர்ந்துபோய், கோடு போட்ட நோட்டுத் தாளில் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். "வெறும் தாள்ல வாங்கினா நாளைக்கு எதை வேணா எழுதிக்கலாம்" என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் கத்தினார். "வரிசையை நிறுத்தப் பார்க்கறாங்க" என்று அந்தப் பக்கம் கத்தினார்கள். தாள் தீர்ந்ததற்குக் காரணம் கூட்டம், வேறொன்றுமில்லை. ஆனால் பத்து மணிக்கு, பசியோடு, முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தோன்றாது. நடைமுறை யாருக்கும் புரியாத இடத்தில் ஒவ்வொரு குளறுபடியும் சதியாகத்தான் தெரியும். மாநிலம் முழுக்க அதே கதைதான். அன்றிரவே கிளிண்டன் தரப்பு நிருபர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் புகார் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒபாமாவின் வழக்கறிஞர் பாப் பாவர் அந்த அழைப்பிலேயே நுழைந்து வாதாடினார்.

என் வீட்டுக்காரர் பிளாஸ்கில் காபியோடு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு டம்ளர்.

பகல் ஓட்டில் ஹிலாரி சுமார் 1 லட்சம் ஓட்டு அதிகம். அந்தக் கணக்கில் அவருக்கு 65 டெலிகேட்டுகள், ஒபாமாவுக்கு 61. இரவுக் கூட்டத்தில் ஒபாமாவுக்கு 38, ஹிலாரிக்கு 29. கூட்டினால் ஒபாமா 99, ஹிலாரி 94. ஓட்டில் ஜெயித்தவர் எண்ணிக்கையில் தோற்றார்! இதை எந்தத் தொண்டரிடம் சொல்லி, விதி அப்படித்தான் அம்மா என்று சமாதானப்படுத்த முடியும்? மருமகனோ, விதி முன்னாலேயே எழுதியிருந்ததுதானே, படிக்காதது யார் தப்பு என்றான். இருவர் சொன்னதும் சரிதான். அதனால்தான் அது தீரவில்லை.

மே 31 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் கட்சியின் விதிமுறைக் குழு கூடியதை நாள் முழுக்க டிவியில் பார்த்தேன். ஃப்ளோரிடாவும் மிச்சிகனும் கட்சி சொன்ன தேதிக்கு முன்பே பிரைமரி நடத்தியதால் தண்டனையில் இருந்தன. மிச்சிகனில் ஒபாமா ஓட்டுச்சீட்டிலிருந்து தன் பெயரையே எடுத்திருந்தார். கடைசியில் அந்த மாநிலத்தை 69-க்கு 59 என்று பிரித்து, ஒவ்வொரு டெலிகேட்டுக்கும் அரை ஓட்டு என்றார்கள். பார்வையாளர் பகுதியிலிருந்த ஹிலாரி ஆதரவாளர்கள் "டென்வர்! டென்வர்!" என்று கூவினார்கள். டென்வர்தான் ஆகஸ்டில் கட்சி மாநாடு நடக்கவிருந்த ஊர். சண்டையை அங்கே வரைக்கும் கொண்டுபோவோம் என்று அர்த்தம். நானும் சோபாவில் உட்கார்ந்தபடி ஒரு தடவை கூவிப் பார்த்தேன். மாடியிலிருந்து கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பின்னாளில் சில விதிகள் மாறின. 2016-ல் டெக்சாஸில் டூ-ஸ்டெப் இல்லை. அந்த வருஷம் ஹிலாரிக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் நடந்த போட்டியில் கட்சிப் பிரமுகர்களான சூப்பர் டெலிகேட்டுகள்மேல் சாண்டர்ஸ் ஆட்கள் கொதித்தார்கள், பிலடெல்ஃபியா மாநாட்டிலேயே ஊளையிட்டார்கள். 2018-ல் கட்சி, மாநாட்டு ஓட்டெடுப்பின் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு ஓட்டில்லை என்றாக்கியது. மருமகன் அந்த முறை யார் பக்கம் என்று சொல்ல வேண்டுமா?

2008 ஜூன் 7 அன்று ஹிலாரி விலகினார். 27 அன்று இருவரும் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு குட்டி ஊரில் ஒரே மேடை ஏறினார்கள். ஊரின் பெயரே யூனிட்டி, ஒற்றுமை. பிரைமரியில் அங்கே இருவருக்கும் விழுந்த ஓட்டு 107, 107. இப்படி ஒரு ஊரைத் தேடிப் பிடித்தவனுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்திருக்க வேண்டும். நான் டிவியை அணைத்துவிட்டேன். மேடைக்காரர்களுக்கு மூன்று வாரம் போதும், எனக்குப் போதவில்லை.

செப்டம்பர் 13 அன்று ஐக் புயல் கால்வெஸ்டனில் கரையேறி எங்கள் மேல் வந்தது. கராஜ் ஜன்னல் கண்ணாடி உடைந்து மழை உள்ளே அடித்தது. கரண்ட் இல்லை, கடை இல்லை, ஒட்டுப்பலகை எங்கேயும் கிடைக்கவில்லை. பிடுங்கி மூலையில் போட்டிருந்த போர்டுகள் மழைக்குத் தாங்கும் நெளி பிளாஸ்டிக். டார்ச் வெளிச்சத்தில் மருமகன் இரண்டையும் எடுத்து, முதுகோடு முதுகு வைத்து, டேப் சுற்றி ஜன்னலில் அடைத்தான். எது வெளியே பார்க்க வேண்டும் என்பதில் ஐந்து நிமிஷம் தகராறு. தேர்தலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, நிற்கிறவர் முகம்தான் தெருவுக்குத் தெரிய வேண்டும் என்றான். சரி என்றேன். நவம்பர் வரை கராஜில் துணி துவைக்கப் போகும்போதெல்லாம் ஹிலாரி வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.